வால்டர் பெஞ்சமின்: இலக்கியத் திறனாய்வுக்கு அடியில் ஓடிய தத்துவம்

வால்டர் பெஞ்சமின் (15 ஜூலை 1892 – 26 செப்டம்பர் 1940) ஜெர்மனியில் பிறந்த யூதத் திறனாய்வாளர், கட்டுரையாளர், மொழிபெயர்ப்பாளர். கதே, போதலேர், புரூஸ்ட், காஃப்கா, லெஸ்கோவ் ஆகிய எழுத்தாளர்களைப் பற்றி எழுதினார். புகைப்படம், திரைப்படம், குழந்தைகளின் பொம்மை, பழம் புத்தகச் சேகரிப்பு, பாரிஸ் நகரின் கண்ணாடிக் கூரையிட்ட கடைவீதிகள் ஆகியவற்றைப் பற்றியும் எழுதினார். தத்துவ நூல் என்று பெயரிட்டு முழு நூல் ஒன்றையும் அவர் வெளியிடவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக அமரவுமில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் சிந்தனையாளர்கள் வரிசையில் அவரை வைத்துப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் பலவாகத் தோன்றினாலும் அடியில் ஓடும் கேள்வி ஒன்றுதான். ஒரு நூல், வழக்கொழிந்த ஒரு கலைவடிவம், இறந்துபோன மனிதர் என எதுவானாலும், கடந்துபோனது உண்மையிலேயே முடிந்துவிட்டதா? முடியவில்லை என்பதே பெஞ்சமினின் விடை. அதற்கு அவர் காட்டிய காரணங்கள் காலந்தோறும் மாறின. முதலில் மொழியிலிருந்தும், பிறகு கலையிலிருந்தும், கடைசியில் அரசியலிலிருந்தும் காரணம் காட்டினார். விடை மட்டும் மாறவில்லை.

இளமையும் முதல் முறிவும்

பெஞ்சமின் பெர்லினில் வசதியான குடும்பமொன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தை எமில், பழங்கலைப் பொருள்களை விற்கும் ஏல நிறுவனம் ஒன்றில் பங்குதாரர். உடல்நலம் குன்றிய பிள்ளையாக இருந்ததால் சில காலம் துரிங்கியாப் பகுதியிலுள்ள ஹவுபிண்டா உறைவிடப் பள்ளியில் படித்தார். அங்கே கல்விச் சீர்திருத்தவாதியான குஸ்டாவ் வைனக்கன் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். இளைஞர்களுக்கெனத் தனிப் பண்பாடு வேண்டும் என்ற வைனக்கனின் கருத்தில் ஈடுபட்டு, மாணவர் இயக்கத்தில் சேர்ந்து, 1914இல் பெர்லின் சுதந்திர மாணவர் அமைப்புக்குத் தலைவரானார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டது. சில நாள்களுக்குள் அவருடைய நெருங்கிய நண்பரும் கவிஞருமான ஃபிரிட்ஸ் ஹைன்லே, ரிக்கா செலிக்சன் என்ற தோழியுடன் உயிரை மாய்த்துக்கொண்டார். போரின் வருகையைப் பொறுக்க முடியாமல் எடுத்த முடிவு அது. வைனக்கனோ போரை வாழ்த்திப் பேசினார். 1915 மார்ச்சில் பெஞ்சமின் தம் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி உறவை முறித்துக்கொண்டார். ஹைன்லேயின் கவிதைகளைப் பாதுகாத்து அச்சேற்றும் வேலையைப் பல ஆண்டுகள் தம் கடமையாகக் கொண்டிருந்தார். இறந்தவர் விட்டுச்சென்றதை உயிரோடிருப்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு நூல்களிலிருந்து மட்டும் வந்ததன்று.

பெயரிடும் மொழி

1915இல் கெர்ஷோம் ஷோலெமின் நட்புக் கிடைத்தது. பின்னாளில் யூத மறைஞானத்தின் மாபெரும் ஆய்வாளராக விளங்கியவர் இவர். 1916இல் ஷோலெமுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் நீண்டுகொண்டே போய், மொழியைப் பற்றிய கட்டுரையாக முடிந்தது. பெஞ்சமின் உயிரோடிருந்த காலத்தில் அது அச்சாகவில்லை. அவருடைய சிந்தனை முழுவதற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

மொழியை நாம் ஒரு வண்டியாகவும் பொருளை அதில் ஏற்றிய சுமையாகவும் எண்ணிப் பழகியிருக்கிறோம். ஒருவர் ஏற்றி அனுப்ப, மற்றவர் இறக்கிக்கொள்கிறார். இந்தக் கருத்தைப் பெஞ்சமின் ஏற்கவில்லை. மொழியின் வழியாக என்ன சொல்லப்படுகிறது என்பது ஒன்று. மொழியிலேயே என்ன வெளிப்படுகிறது என்பது வேறு. விவிலியத்தின் தொடக்க நூலில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிடும் இடத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறார். அங்கே பெயரிடுதல் என்பது வெறும் அடையாளச் சீட்டு ஒட்டுவதன்று. ஊமையாக இருக்கும் பொருள் தன்னைக் காட்டுகிறது. மனிதன் அதைக் கேட்டுப் பெயராகத் திருப்பிச் சொல்கிறான். ஏதேனிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு மொழி கருவியாகவும் தீர்ப்பாகவும் வெற்றுப் பேச்சாகவும் சீரழிந்தது. பொருள்கள் துயரத்தோடு மௌனமாயின.

இதைச் சமய நம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெஞ்சமினே விவிலியத்துக்கு உரை எழுதுவது தம் நோக்கமில்லை என்கிறார். யூத மரபைப் போலவே, பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹாமானும் இக்கட்டுரைக்குப் பின்னால் நிற்கிறார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: உலகத்துப் பொருள்களிடம் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது, அது கேட்பவருக்காகக் காத்திருக்கிறது. பெஞ்சமின் பின்னாளில் திறனாய்வாளருக்கும், மொழிபெயர்ப்பாளருக்கும், வரலாற்றாசிரியருக்கும் கொடுத்த வேலை, ஆதாமுக்குக் கொடுத்த அதே வேலைதான்.

கான்ட்டுக்கு ஒரு திருத்தம்

1917இல் டோரா போலாக்கை மணந்து சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குச் சென்றார் பெஞ்சமின். அந்தக் காலத்தில், இனி வரவேண்டிய தத்துவத்துக்கு ஒரு திட்டம் எழுதிப் பார்த்தார். கான்ட்டின் தத்துவத்தைத் தள்ளிவிடாமல் அதை அகலப்படுத்த வேண்டும் என்பது அவர் நோக்கம். அறிவு எவ்வாறு இயலுகிறது என்று கான்ட் கேட்டபோது, அவர் மனத்தில் மாதிரியாக இருந்தது நியூட்டனின் இயற்பியல். அளக்கக் கூடியதும் எண்ணக் கூடியதும் அந்த ‘அனுபவத்தில்’ அடங்கின. சமயமும் கலையும் மொழியும் வெளியே நின்றன. இது அனுபவம் என்ற சொல்லையே வறியதாக்குகிறது என்றார் பெஞ்சமின்.

திட்டம் எழுதினாரே தவிர அதன்மேல் கட்டடம் எழுப்பவில்லை. ஆனால் அனுபவம் வறுமைப்பட்டுவிட்டது என்ற கவலை கடைசிவரை அவரை விடவில்லை. அன்று கான்ட்டின் நூலில் கண்ட குறையை, பின்னாளில் போர்க்களத்திலும் தொழிற்சாலையிலும் நகரத்து நெரிசலிலும் கண்டார்.

திறனாய்வு என்னும் வேலை

1919இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ஜெர்மானிய ரொமான்டிக் இயக்கத்தார் திறனாய்வை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதே ஆய்வுப்பொருள். ஃபிரீட்ரிக் ஷ்லேகலும் நோவாலிசும் திறனாய்வைத் தீர்ப்புச் சொல்லும் வேலையாகக் கருதவில்லை. படைப்பு எழுதியவர் கையிலேயே நிறைவடைந்துவிடுவதில்லை. திறனாய்வு அதைத் தொடர்ந்து கொண்டுசென்று நிறைவை நோக்கி நகர்த்துகிறது. விடைத்தாள்களுக்கு மதிப்பெண் போட்டே பணிக்காலத்தைக் கழித்த என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு இந்தப் பகுதியைப் படிக்கும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இக்கருத்தைச் செய்துகாட்டியது, கதே 1809இல் வெளியிட்ட ‘தேர்ந்த உறவுகள்’ என்ற நாவலைப் பற்றிய நீண்ட கட்டுரை. ஹ்யூகோ ஃபான் ஹாஃப்மன்ஸ்தால் அதை வியந்து பாராட்டித் தம் இதழில் 1924–25இல் இரு பகுதிகளாக வெளியிட்டார். ஒரு கணவன் மனைவி, அவர்கள் வீட்டுக்கு வரும் இருவர், நால்வருக்குள்ளும் மாறிப்போகும் மனங்கள் என்பது நாவலின் கதை. திருமணத்தின் புனிதத்தைச் சொல்லும் நாவல் என்று அதைப் படித்தவர்கள் உண்டு. முடிவெடுக்க அஞ்சும் மனிதர்கள், விதி என்ற புராணச் சக்தியிடம் தாமே சென்று சிக்கிக்கொள்வதையே அது காட்டுகிறது என்று பெஞ்சமின் படித்தார். எழுதிய காலத்தில் அவருடைய சொந்த மணவாழ்வும் இதே போன்ற இழுபறியில் இருந்தது. கட்டுரையை அப்போது தாம் விரும்பிய யூலா கோன் என்ற சிற்பிக்குக் காணிக்கையாக்கியிருந்தார்.

ஒரு படைப்பில் பொருள் உள்ளடக்கம் என்றும் உண்மை உள்ளடக்கம் என்றும் இரண்டு உண்டு என்கிறது இக்கட்டுரை. நூல் வெளிவந்த காலத்தில் இரண்டும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கும். ஆண்டுகள் கடக்கக் கடக்க உடை, வழக்கம், பேச்சு போன்ற காலத்துக்குரிய செய்திகள் அந்நியமாகித் துருத்திக்கொண்டு தெரியும். உரையாசிரியர் அவற்றை விளக்குவார். திறனாய்வாளரோ அவற்றினூடே சென்று, அந்தப் படைப்பு இன்னும் எதனால் உயிரோடிருக்கிறது என்று கேட்பார். எரியும் சிதையின் முன் ஒருவர் விறகையும் சாம்பலையும் ஆராய, மற்றவர் எரிகின்ற தீயையே நோக்கி நிற்பதாக உவமை காட்டுகிறார். காலம் படைப்பைக் கொல்வதில்லை, அதன் உண்மையைப் பிரித்துக் காட்டுகிறது என்பது இதன் உட்பொருள். பழைய நூல் நமக்குப் புரியாமல் போவதே அதைப் புதிதாகப் படிக்க வழி திறக்கிறது.

போதலேரின் கவிதைகளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1923இல் வெளியிட்டபோது எழுதிய முன்னுரையிலும் இதே எண்ணம் வருகிறது. மூலநூல் தெரியாத வாசகருக்கு உதவுவதற்காக மட்டும் மொழிபெயர்ப்புப் பிறப்பதில்லை. மூலநூலுக்குத் தன் காலத்தைத் தாண்டி ஒரு பிற்கால வாழ்வு உண்டு, மொழிபெயர்ப்பு அந்த வாழ்வின் ஒரு கட்டம் என்கிறார். இரு மொழிகள் ஒன்றோடொன்று உரசும்போது, எந்த ஒரு மொழியாலும் தனித்துச் சொல்ல முடியாத ‘தூய மொழி’ ஒன்றின் சாயல் தெரிகிறது என்பது அவர் நம்பிக்கை. மொழிபெயர்ப்பைக் கைத்தொழிலாகச் செய்பவருக்கு இது நேரடியாகப் பயன்படும் அறிவுரையன்று. 1916ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவில் வைத்துப் படித்தால்தான் இது பிடிபடும்.

இடிபாடுகளின் அழகியல்

பல்கலைக்கழக ஆசிரியராவதற்கு ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு மேல் இன்னோர் ஆய்வு நூலைச் சமர்ப்பிக்க வேண்டும். பெஞ்சமின் பதினேழாம் நூற்றாண்டின் ஜெர்மானியத் துயர நாடகங்களை எடுத்துக்கொண்டார். கிரீஃபியுஸ், லோகன்ஷ்டைன் முதலியோர் எழுதிய இந்நாடகங்களில் கொடுங்கோல் மன்னர்களும், தியாகிகளும், சூழ்ச்சிக்காரர்களும், பிணங்களும் நிறைந்திருக்கும். இலக்கிய வரலாற்றில் இவற்றுக்குப் பெரிய மதிப்பில்லை. கிரேக்கத் துன்பியலை எழுத முயன்று தோற்றவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. தோற்றவை என்று தள்ளப்பட்டவற்றைத் தேடிச் செல்வது பெஞ்சமினின் இயல்பு.

கிரேக்கத் துன்பியல் புராணத்திலிருந்து பிறக்கிறது; இந்த நாடகங்கள் வரலாற்றிலிருந்து பிறக்கின்றன என்பது அவர் கண்ட முதல் வேறுபாடு. அழகியலுக்கு அவர் அளித்த முக்கியமான பங்களிப்பு உருவகக் கதை முறையைப் பற்றியது. குறியீடு உயர்ந்தது, உருவகக் கதை செயற்கையானது, தாழ்ந்தது என்ற கருத்து கதே காலத்திலிருந்து வேரூன்றியிருந்தது. குறியீட்டில் பொருளும் வடிவமும் ஒன்றாகி, உலகம் ஒரு கணம் முழுமையாக ஒளிர்வதுபோல் தோன்றும். உருவகக் கதையில் மண்டையோடு இறப்பைக் குறிக்கும், மணற்கடிகாரம் காலத்தைக் குறிக்கும். பொருளுக்கும் குறிக்கும் இடையே விரிசல் வெளிப்படையாகத் தெரியும். பெஞ்சமின் இந்த விரிசலையே நேர்மை என்றார். உலகம் முழுமையாக இல்லாதபோது முழுமையாக இருப்பதுபோல் காட்டும் கலை பொய் சொல்கிறது. முப்பதாண்டுப் போரைக் கண்ட ஒரு நூற்றாண்டு, வரலாற்றை வளர்ச்சியாகக் காணாமல் இடிபாடாகக் கண்டதில் வியப்பில்லை. இடிபாட்டைப் பார்ப்பவர் பொய்யான அழகு கழன்றுபோன பொருளைப் பார்க்கிறார்.

ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் 1925இல் நூலைச் சமர்ப்பித்தார். ஜெர்மன் இலக்கியத் துறையினர் அதை அழகியல் பக்கம் தள்ளினர். அழகியல் பேராசிரியர் ஹான்ஸ் கொர்னேலியுஸ் தமக்கு அது விளங்கவில்லை என்றார். நிராகரிப்பு என்ற அவமானம் வராதிருக்க நூலைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி பெஞ்சமினுக்கு அறிவுரை வந்தது. பெற்றுக்கொண்டார். நூலின் முகப்பில் உள்ள தத்துவ முன்னுரை உண்மையிலேயே கடினமானது. தேர்வாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆனால் அன்றோடு அவருக்கு நிலையான வருவாய்க்கு வழி அடைபட்டது. 1928இல் அந்நூல் ரோவோல்ட் பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. அதன்பின் நாளிதழ்க் கட்டுரைகள், நூல் மதிப்புரைகள், 1927 முதல் 1933 வரை பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட் வானொலிகளில் பேச்சுகள் என்று கிடைத்த வேலையைச் செய்தார். வானொலிப் பேச்சுகளில் பல சிறுவர்களுக்கானவை.

பிரதிகளின் காலம்

துயர நாடக நூலை எழுதிக்கொண்டிருந்த 1924ஆம் ஆண்டு, இத்தாலியின் கேப்ரித் தீவில் லாட்வியாவைச் சேர்ந்த நாடக இயக்குநரும் பொதுவுடைமையாளருமான ஆஸ்யா லாட்சிசைச் சந்தித்தார். லூக்காச்சின் மார்க்சிய நூலையும் அந்த ஆண்டில்தான் அறிந்துகொண்டார். அதற்குப் பிறகு எழுதியவற்றில் மார்க்சியச் சொற்கள் கூடின. பழைய கேள்வி போய்விடவில்லை.

பெஞ்சமின் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, இயந்திரத்தால் படியெடுக்கப்படும் காலத்தில் கலைப்படைப்புக்கு என்ன நேர்கிறது என்பது பற்றிய கட்டுரை. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர், பாரிசில் 1935இல் இதை எழுதினார்; 1936இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக முதலில் வெளிவந்தது. இதில் ‘ஆரா’ என்ற சொல் வருகிறது. ஒளிவட்டம் என்று தமிழாக்கினால் தெய்வப் படங்களில் தலைக்குப் பின்னால் வரையும் வட்டம் நினைவுக்கு வந்து பொருளைக் கெடுக்கும் என்பதால் ஆரா என்றே வைத்துக்கொள்கிறேன். ஒரு பொருள் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அதில் எட்ட முடியாத ஒரு தொலைவு தோன்றுவதுதான் ஆரா. ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு மூலமாக, தன் வரலாற்றைத் தன்மேல் சுமந்து நிற்கும் பொருளுக்கே அது உண்டு. கருவறையில் மறைந்திருக்கும் சிலைக்கு வழிபாட்டு மதிப்பு மிகுதி. ஆயிரம் பிரதிகளாக எடுத்து எங்கும் காட்டக்கூடிய படத்துக்குக் காட்சி மதிப்பு மிகுதி. புகைப்படமும் திரைப்படமும் வந்தபின் முதலாவது தேய்ந்து இரண்டாவது வளர்ந்தது.

இந்தத் தேய்வை அவர் வருந்தினாரா, வரவேற்றாரா? அவருடைய எழுத்தில் இரண்டுக்கும் சான்று உண்டு. 1931இல் எழுதிய புகைப்பட வரலாற்றுக் கட்டுரையில் பழைய முகப் படங்களின் முன் அவர் உருகி நிற்கிறார். திரைப்படக் கட்டுரையிலோ, ஆரா கழன்ற கலை மக்களுக்குப் பொதுவாகும் என்று எதிர்பார்க்கிறார். பாசிசம் பேரணிகளாலும் ஒளி விளக்குகளாலும் அரசியலுக்குப் போலி ஆராவைப் பூசிக்கொண்டிருந்த நாள்கள் அவை. போர்கூட அழகு என்று பாடப்பட்டது. அதற்கு எதிராகக் கலையை அரசியல் விழிப்புக்கு உரியதாக்க வேண்டும் என்று எழுதினார். துயர நாடக நூலில் பொய்யான முழுமையை எதிர்த்த அதே மனம்தான் இங்கும் பேசுகிறது. திரைப்படம் தானாகவே மக்களை விழிக்கச் செய்யும் என்ற அவருடைய எதிர்பார்ப்பு மட்டும் மிகையாகிவிட்டது. அதே திரைப்படத்தைக் கோயபல்சும் நன்றாகவே பயன்படுத்தினார்.

பேச்சிழந்த படைவீரர்கள்

1936இலேயே எழுதிய ‘கதைசொல்லி’ கட்டுரை ரஷ்ய எழுத்தாளர் நிக்கோலாய் லெஸ்கோவைப் பற்றியது என்றாலும், லெஸ்கோவ் அதில் ஒரு சாக்குத்தான். 1918இல் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் சொல்வதற்கு நிறையக் கதைகளோடு வரவில்லை, ஊமையாகி வந்தார்கள் என்பதிலிருந்து கட்டுரை தொடங்குகிறது. அவர்களுக்கு நேர்ந்தவை ஏராளம். ஆனால் நேர்ந்தது எதுவும் அனுபவமாகவில்லை.

ஜெர்மன் மொழியில் அனுபவத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று, அவ்வப்போது தைத்துவிட்டுப் போகும் தனி நிகழ்வைக் குறிக்கும். மற்றொன்று, பட்டுப் பட்டுத் தேர்ந்து, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாற்றித் தரக்கூடியதைக் குறிக்கும். இரண்டாவதற்குத் தமிழில் பட்டறிவு என்ற அருமையான சொல் இருக்கிறது. கதைசொல்லி வைத்திருந்த சரக்கு இந்தப் பட்டறிவுதான். தொலைதூரம் சென்று வந்த மாலுமியும், ஊரிலேயே இருந்து பழங்கதை அறிந்த உழவனும் இவ்வகைக் கதைசொல்லிகளின் முன்மாதிரிகள். நாளிதழ்ச் செய்தி எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே வருகிறது. அன்றைக்கு மட்டும் உயிரோடிருந்து மறுநாள் செத்துவிடுகிறது. கதை விளக்குவதில்லை. அதனால் பல நூற்றாண்டுக்குப் பிறகும் முளைக்கும் வலிமை அதற்கு உண்டு.

இதற்குச் சான்றாக ஹெரோடோட்டஸ் சொல்லும் எகிப்திய மன்னன் சம்மெனிட்டசின் கதையைக் காட்டுகிறார். பாரசீக மன்னன் கேம்பைசிசிடம் தோற்ற அவன் கண்முன்னே, மகள் அடிமைப் பெண்ணாக நீர் சுமந்து செல்கிறாள். மகன் கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். மன்னன் அசையவில்லை. வறுமையுற்ற முதியவன் ஒருவனைக் கண்டபோதுதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஹெரோடோட்டஸ் காரணம் சொல்லாமல் விட்டதனால்தான் இக்கதை இன்னும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது என்கிறார் பெஞ்சமின்.

உண்மையில் ஹெரோடோட்டசின் மூன்றாம் நூலைப் புரட்டினால் மன்னனே காரணம் சொல்லிவிடுகிறான்: தன் வீட்டுத் துயரம் கண்ணீருக்கு அப்பாற்பட்டது, நண்பனின் துயரத்துக்கோ அழ முடிகிறது என்கிறான். பெஞ்சமின் இக்கதையை எடுத்துச் சொன்னதில் அந்தப் பகுதி உதிர்ந்துவிட்டது. இதனால் அவர் வாதம் விழுந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. கதை கைமாறும்போது விளக்கம் உதிர்ந்து நிகழ்ச்சி மட்டும் நிற்கும் என்பதற்கு அவரே சான்றாகிவிட்டார்.

மூன்று நண்பர்கள்

பெஞ்சமினின் எழுத்தை முழுமையாக ஏற்ற நண்பர் ஒருவரும் இல்லை எனலாம். ஷோலெம் எருசலேமில் குடியேறி, பெஞ்சமினையும் அங்கே அழைத்துக்கொள்ள விரும்பினார். எபிரேயம் கற்பதற்குப் பண உதவிகூட வாங்கித் தந்தார். பெஞ்சமின் சில மாதம் படித்துவிட்டு நிறுத்திவிட்டார். மார்க்சியம் அவருடைய இயல்புக்கு ஒட்டாத வேடம் என்பது ஷோலெமின் கருத்து. டென்மார்க்கில் அகதியாக இருந்த நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், தம் வீட்டில் பெஞ்சமினைப் பலமுறை தங்கவைத்தார். அவரோ ஆரா பற்றிய பேச்செல்லாம் மறைஞான மயக்கம் என்று 1938இல் தம் நாட்குறிப்பில் எரிச்சலோடு எழுதினார். சமூக ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தியோடர் அடோர்னோ, பிரெக்டின் செல்வாக்கு பெஞ்சமினைக் கெடுக்கிறது என்று கருதினார். போதலேர் பற்றிய நீண்ட கட்டுரையை 1938 நவம்பரில் திருப்பி அனுப்பினார். தரவுகளைக் கோட்பாடின்றி அடுக்கிவைத்திருப்பதாகக் குறை சொன்னார். நிறுவனம் தந்த உதவித்தொகையை நம்பியே பாரிசில் வாழ்ந்துகொண்டிருந்த பெஞ்சமின் அதை மாற்றி எழுதித் தந்தார். மாற்றிய கட்டுரை ஃபிராய்டையும் புரூஸ்டையும் துணைக்கொண்டு, நகரத்து அதிர்ச்சிகள் பட்டறிவை எப்படி அரிக்கின்றன என்று காட்டுகிறது. முதல் வடிவத்தைவிட இதுவே செறிவானது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த மனவேதனை கடிதங்களில் தெரிகிறது.

இவர்கள் இழுத்த பக்கமெல்லாம் அவர் போகாமல் நின்றதற்குப் பிடிவாதம் மட்டும் காரணமன்று. சமயத்தின் மீட்புக் கருத்தும் மார்க்சியத்தின் நீதிக் கருத்தும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாக அவருக்குத் தோன்றின.

முடிந்தது முடிந்ததா

இந்த இடத்தில் 1937ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று முக்கியமானது. எட்வார்ட் ஃபுக்ஸ் என்ற சேகரிப்பாளரைப் பற்றிய கட்டுரையில், கடந்தகாலம் முடிந்துபோனதன்று என்று பெஞ்சமின் வாதிட்டிருந்தார். நிறுவனத்தின் தலைவர் மாக்ஸ் ஹோர்க்ஹைமர் மறுத்து எழுதினார். நடந்த அநீதி நடந்ததுதான்; கொல்லப்பட்டவர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டுவிட்டார்கள்; முடியவில்லை என்று சொன்னால் இறுதித் தீர்ப்பு நாளை நம்ப வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம்.

மறுக்க முடியாத வாதம் போலத்தான் தோன்றுகிறது. பல்லாண்டுகள் போர்களின் தொடக்க ஆண்டையும் முடிந்த ஆண்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொன்ன எனக்கு, ஹோர்க்ஹைமர் பக்கம்தான் முதலில் மனம் சாய்ந்தது. பெஞ்சமின் தம் குறிப்பேட்டில் விடை எழுதினார். வரலாறு அறிவியல் மட்டுமன்று, அது நினைவுகூர்தலும் ஆகும். அறிவியல் உறுதிசெய்து மூடியதை நினைவுகூர்தல் திறக்க முடியும். நிறைவேறாத மகிழ்ச்சியை நிறைவேற்றத்தை நோக்கித் திருப்பவும், முடிந்துபோன துன்பத்தை முடியாததாக வைத்திருக்கவும் அதனால் முடியும். இது இறையியலே என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதை நேரடியாக இறையியல் சொற்களில் எழுத நமக்கு உரிமையில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். இறந்தவர் எழுந்து வருவார் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் பட்டதற்கு என்ன பொருள் என்ற வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை, அந்த வழக்கை நடத்துபவர்கள் நாம் என்கிறார்.

இக்குறிப்பேடுதான் ‘கடைவீதிகள்’ என்ற பெருந்திட்டம். 1927இல் தொடங்கிய இத்திட்டத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசை அதன் கைவிடப்பட்ட பொருள்கள் வழியே எழுத முனைந்தார். கண்ணாடிக் கூரைக் கடைவீதி, எரிவாயு விளக்கு, விளம்பரம், தூசி, பொம்மை என்று தேசிய நூலகத்தில் அமர்ந்து மேற்கோள்களாகச் சேர்த்தார். குப்பை பொறுக்குபவரைப்போல், வரலாறு எறிந்துவிட்டதைப் பொறுக்கிச் சேர்ப்பதே முறை. பழம்பொருளும் நிகழ்காலமும் திடீரென ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் கணம் வரும் என்று எதிர்பார்த்தார். நூல் முடிவு பெறவில்லை.

1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். செப்டம்பரில் போர் மூண்டதும், ஜெர்மானிய அகதி என்பதால் பிரான்சு அரசே பெஞ்சமினை நெவேர் நகருக்கு அருகில் ஒரு முகாமில் அடைத்தது. வெளிவந்தபின் 1940இன் தொடக்கத்தில் வரலாறு பற்றிய சிறு கருத்துரைகளை எழுதினார். முன்னேற்றம் தானாக வந்துசேரும் என்று நம்பிய இடதுசாரிகள், பாசிசத்தைத் தற்காலிகப் பிறழ்வாக எண்ணி ஏமாந்தார்கள் என்பது அவற்றின் அரசியல் சாரம். ஓடும் காலம் வெற்றி பெற்றவர்களின் வரலாற்றையே சுமந்து செல்கிறது. நாம் போற்றும் பண்பாட்டுச் செல்வங்களுக்கு அடியில் பெயரில்லாதவர்களின் கட்டாய உழைப்பும் கிடக்கிறது. 1921இல் தாம் ஆயிரம் மார்க் கொடுத்து வாங்கிய பால் கிளேயின் சிறு தேவதை ஓவியத்தை இங்கே நினைவுகூர்கிறார். நாம் நிகழ்ச்சிகளின் வரிசையைக் காணும் இடத்தில் அந்தத் தேவதை ஒரே இடிபாட்டுக் குவியலைக் காண்கிறது. நின்று சீர்செய்ய விரும்புகிறது. முன்னேற்றம் என்று நாம் பெயரிட்ட புயல் அதைத் தூக்கிச் செல்கிறது. துயர நாடக நூலில் கண்ட அதே இடிபாடு, இப்போது நாடக மேடையைவிட்டு இறங்கி ஐரோப்பாவாகிவிட்டது.

எல்லையில்

பாரிஸ் வீழும் முன் நகரைவிட்டுத் தெற்கே சென்றார். கடைவீதிகள் குறிப்புகளை ஜார்ஜ் பத்தாய் தேசிய நூலகத்தில் மறைத்துவைத்தார். மார்செய் நகரில் ஹான்னா ஆரென்டிடம் வரலாற்றுக் கருத்துரைகளின் படி ஒன்றைக் கொடுத்தார். அமெரிக்கா செல்ல விசா கிடைத்திருந்தது. பிரான்சைவிட்டு வெளியேற அனுமதி கிடைக்கவில்லை. எனவே லீசா ஃபிட்கோ என்ற இளம்பெண்ணின் வழிகாட்டுதலில் பிரனீஸ் மலையைக் கால்நடையாகக் கடந்தார். இதய நோயாளி என்பதால் பத்து நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நின்றார். கையில் கனமான கறுப்புப் பை ஒன்று இருந்தது. அதிலுள்ள கையெழுத்துப்படி தம்மைவிட முக்கியமானது என்று ஃபிட்கோவிடம் சொன்னார்.

ஸ்பெயின் எல்லை ஊரான போர்ட்பூவில், பிரெஞ்சு அனுமதி இல்லாததால் திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்று அதிகாரிகள் கூறினர். அன்றிரவு விடுதி அறையில் மிகுதியான மார்ஃபினை உட்கொண்டார். 26 செப்டம்பர் 1940 அன்று அவர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. உடன் வந்தவர்கள் பயணத்தைத் தொடர அனுமதிக்கப்பட்டனர். ஊர்ப் பதிவேட்டில் பெயர் முன்பின்னாக மாறி ‘பெஞ்சமின் வால்டர்’ என்று ஏறியதால் கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். சில மாதங்கள் கழித்து அங்கே வந்து தேடிய ஆரென்டால் கல்லறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கறுப்புப் பையும் கிடைக்கவில்லை. அவருடைய தம்பி கியோர்க், மருத்துவரும் பொதுவுடைமையாளரும் ஆவார். 1942இல் மவுத்ஹவுசன் முகாமில் கொல்லப்பட்டார்.

ஆரென்டின் வழியாகக் கருத்துரைகள் நியூயார்க்கிலிருந்த நிறுவனத்தைச் சேர்ந்தன. 1942இல் சிறு அளவில் படியெடுத்து வெளியிட்டனர். ஒருமுறை அவரைத் திருத்தி எழுதவைத்த அடோர்னோவே 1955இல் கட்டுரைகளை இரு தொகுதிகளாகப் பதிப்பித்து அவருக்கு வாசகர்களைத் தேடித்தந்தார். ஆரென்ட் தொகுத்த ஆங்கிலப் பதிப்பு 1968இல் வந்தது. பத்தாய் மறைத்துவைத்த குறிப்புகள் 1982இல் நூலாயின. கிளேயின் தேவதை பல கைகள் மாறி ஷோலெமிடம் சேர்ந்தது. இப்போது எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போர்ட்பூ கல்லறைத் தோட்டத்தின் வெளியே 1994இல் சிற்பி டானி கரவான் ஒரு நினைவிடம் அமைத்தார். துருப்பிடித்த இரும்புச் சுவர்களுக்கு நடுவே படிகள் கடலை நோக்கி இறங்குகின்றன. பாதியில் ஒரு கண்ணாடித் தடுப்பு நிற்கிறது.